சாத்துக்குடித் தோலில் எடுத்த மஞ்சள்

கண்ணா,

நீ கூடுவாஞ்சேரியில் அத்தையிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய். அத்தை சாப்பிட வைக்காமல் விடமாட்டாள், திரும்பி வர பஸ்ஸும் லேசில் கிடைக்காது, ஆகவே சாயங்காலம் வரை இந்த வீடு எனக்கு மட்டும்தான். கூடத்தில் உன் பெட்டி வாய் திறந்து கிடக்கிறது. நாளை மறுநாள் விமானம். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பீரோல இருக்கிற அந்த பாட்டில எடுத்து வெச்சுடும்மா, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். "இதுக்குமா பாக்கலாம்?" என்று கேட்டுவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டு போனாய். நேரில் பதில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போவாய், நான் பாதியில் அழுவேன். நமக்கு அதுதான் பழக்கம். அதனால் எழுதுகிறேன். இதை உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிடுவேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு படித்தால் போதும்.

நீ என்னைக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். அப்பா போனதிலிருந்து அது நம்மோடுதான் சாப்பிட உட்காருகிறது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டின புருஷனுக்கு அதில் ஒரு சிட்டிகை கொடுக்காத பெண்பிள்ளை நான். அப்படித்தான் நீ என்னைப் பார்க்கிறாய். நீ வேதியியல் படித்ததும், இப்போது கடல் தாண்டிப் போவதும், அந்தப் பொடியை மருந்தாக்கிக் காட்டத்தான். போன வாரம் நீ உன் சிநேகிதனிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கப்பாவ அது காப்பாத்தியிருக்கும்டா. ஒரு மனுஷனுக்குக் குடுத்துக்கூடப் பாக்கல." அடுப்பங்கரையில் நின்றபடி கேட்டேன். குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்தது, எனக்கு அணைக்கத் தோன்றவில்லை. நீ சொன்னது உண்மை இல்லை, கண்ணா. ஒரு மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தாய். கல்லூரியில் பணம் கிடையாது, நல்ல கருவி கிடையாது. காசு கொடுக்காமல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் பொருள் ஏதாவது வேண்டும் என்று யோசித்தபோது உன் அப்பாதான், "தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல ஜூஸ் கடையில மலை மாதிரி சாத்துக்குடித் தோல் கொட்டிக் கிடக்குது, அதுல ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. வேதியியலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தோலில் ஹெஸ்பெரிடின் என்று ஒரு பொருள் நிறைய இருக்கிறது என்று நான் சொன்னதும், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் குரோம்பேட்டையில் இறங்குவதை விட்டார். மின்சார ரயிலில் தாம்பரம் வரை போய், கடையில் தோலை ஒயர் கூடையில் அடைத்துக்கொண்டு, திரும்ப பஸ் பிடித்து அஸ்தினாபுரம் வருவார். கூடையைக் கண்டால் கண்டக்டர்கள் முகம் சுளிப்பார்கள். இவர் அவர்களுக்கும் ஹெஸ்பெரிடின் பாடம் நடத்துவார்.

கடைக்காரர் ஏழுமலையை உனக்கு நினைவிருக்கும். உனக்கு எப்போதும் கூடுதலாக அரை தம்ளர் ஊற்றிக் கொடுப்பாரே, அவர்தான். முதல் மாதம் முழுக்க அவருக்குச் சந்தேகம். "சார், தப்பா நெனச்சிக்காத. வூட்ல இத்தினி தோல வெச்சிகினு இன்னா பண்றாங்கோ? ஊறுகா போட்டாலும் ஒரு தெருவுக்கே போதுமே?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா குரலைத் தாழ்த்தி, "எங்க டீச்சரம்மா இதுலேர்ந்து கேன்சருக்கு மருந்து எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தபோது நான் எரிந்து விழுந்தேன். "மருந்துன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க, நான் இன்னும் ஒரு பொடிகூட எடுக்கல" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஏழுமலை தோலை எச்சில் தம்ளர் கழுவும் தண்ணீர் படாமல் தனிக் கோணியில் போட்டு வைக்க ஆரம்பித்தார்.

நம் மாடியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீடுகளில் வடகமும் வற்றலும் காயும், நம் வீட்டில் தோல் காயும். வெயிலில் சுருண்டு, ஓரம் பழுத்து, மிதித்தால் நொறுங்கும் பதத்துக்கு வர வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போச்சு, ஒரே ராத்திரியில் பூஞ்சை பூத்துவிடும். ஒரு தடவை திடீர் மழையில் உன் அப்பா வேட்டியை அவிழ்த்துத் தோல் மேல் போர்த்திவிட்டு, டவுசரோடு மாடியில் நின்றார். தெருவே பார்த்துச் சிரித்தது. உன் பள்ளிக்கூடச் சட்டையில்கூட அந்த வாசனை ஏறியிருந்தது. பையன்கள் உன்னை 'ஜூஸ்' என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். "பெருமையா நெனச்சுக்கடா. உங்கம்மா குப்பையிலேர்ந்து உசிரு எடுக்கறா" என்று உன் அப்பா சொன்னார். அந்த வார்த்தையை நீ பிடித்துக்கொண்டாய். நானும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த வேலையில் ஒரு பிடிவாதம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. எம்.எஸ்ஸி.யில் எனக்குப் பாடம் எடுத்த அம்மா ஒருவர், கையில் பிசுக்கு ஒட்டினால் பென்சீனை ஊற்றித்தான் கழுவுவார். சோப்பு தேடி யார் போவது என்று நாங்களும் அப்படியே கழுவினோம். புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் அதற்கும் பென்சீன். அது ரத்தத்தைக் கெடுக்கும் என்று புத்தகத்தில் படித்தபடியேதான் செய்தோம். அந்த அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பென்சீனால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீயாவது தண்ணியில கழுவு" என்றார். அப்போதே முடிவு செய்தேன். நோய்க்கு மருந்து தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, தேடுகிறவர்களுக்கே நோய் கொடுக்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை.

ஆகவே பென்சீன் இல்லை, பெட்ரோலியம் ஈதர் இல்லை, குளோரோபார்ம் இல்லை. தோல் பொடியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பேன். ஹெஸ்பெரிடின் அதில் இறங்கும். வடிகட்டி, கொஞ்சம் அமிலம் விட்டால், வெளுத்த மஞ்சளில் மெல்லிய ஊசி ஊசியாக அடியில் படியும். மிச்சத் தண்ணீரை அமிலம் போக முறித்துவிட்டு வாழை மரத்துக்கு ஊற்றிவிடலாம். என் கைடுக்கு இது பொறுக்கவில்லை. "இது லேபா, சமையல்கட்டா? வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவற மாதிரி தீசிஸ் எழுதினா எவன் ஒத்துப்பான்?" என்று மாணவர்கள் எதிரிலேயே கேட்டார். இப்போது உங்கள் பத்திரிகைகளில் இதற்குப் 'பசுமை வேதியியல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உன் மேஜையில் கிடந்ததை நானே எடுத்துப் படித்தேன். அன்று அதற்குப் பெயர் கஞ்சத்தனம், பொம்பளைத்தனம்.

தனியாக எடுத்த பொருள் தனியாக ஒன்றும் பெரிதாகச் செய்யாது. அதை இன்னொரு பொருளோடு சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கும் கரைப்பான் வேண்டாம் என்று, கல்வத்தில் இரண்டையும் போட்டு, கொஞ்சம் காரம் சேர்த்துக் கையால் அரைத்தேன். அரைக்க அரைக்க ஈரப்பதமாக ஒட்டியது, அப்புறம் திடீரென்று நிறம் திரும்பியது. பளிச்சென்ற மஞ்சள். கண்ணுக்கு எதிரே புதிய பொருள் ஒன்று பிறந்தது, கண்ணா. உன் அப்பா அன்று என்னை வீட்டுக்கு அழைத்துப்போகக் கல்லூரிக்கு வந்திருந்தார். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "அவ்ளோதானா? மிளகா அரைக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. அவர் பார்த்ததெல்லாம் பழத்தோல், வெயில், சுண்ணாம்பு, தண்ணீர், கல்வம். வாழ்நாளில் அவர் பயந்து பழகிய எதுவும் அதில் இல்லை.

நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் என் பழைய தோழி வேலை பார்த்தாள். அவளிடம் கொஞ்சம் பொடி கொடுத்தனுப்பினேன். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் மேல் அதைக் கரைத்து விட்டுப் பார்த்தார்கள். செத்தன. பொடியைக் குறைத்துக் குறைத்து விட்டும் செத்தன. தோழி போனில் சொன்னபோது நான் வெறும் "சரி, சரி" என்றேன், போனை வைத்துவிட்டுக் கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று உன் அப்பா பால்கோவா வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். ஏழுமலைக்கு ஒரு பொட்டலம். அந்த வருடம் முழுக்க அரைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரே ஒரு பழுப்புக் குப்பியில் அடங்கியது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்புக் கண்ணாடி. கோடை விடுமுறையில் லேபுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று அதை வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் வைத்தேன். எல்.ஐ.சி. பத்திரங்களும் உன் சர்டிபிகேட்டுகளும் இருக்கும் அதே தட்டில்.

அதே கோடையில்தான் உன் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வாயு என்றார், ஓமத் தண்ணீர் குடித்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் கட்டி, அது ஈரல் வரை போய்விட்டது என்றார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு வழி இல்லை என்றும், ஊசி மருந்து கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவும் என்றும் சொன்னார். "தீபாவளி தாண்டிடுவார்மா, பயப்படாதீங்க" என்றார். அது ஆறுதலா, கெடுவா என்று எனக்குப் புரியவில்லை. நீ அப்போது ப்ளஸ் டூ. அப்பாவுக்கு அல்சர் என்று உன்னிடம் சொல்லி வைத்தோம். நீ என்ன குழந்தையா?

ஒரு நாள் அப்பா சும்மா பேச்சோடு பேச்சாக, "ஏன் டீச்சரம்மா, நம்ம மாடியில காஞ்ச சரக்கு ஒண்ணு பீரோல தூங்குதே, அத எழுப்பக் கூடாதா?" என்று கேட்டார். நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, ஈரலை என்ன செய்யும் தெரியாது, உங்கள் ஈரலே சரியில்லை என்றேன். "பழத்தோல்தானே" என்றார். "பழத்தோல் இல்லீங்க, பழத்தோல்ல இருந்து நான் செஞ்ச வேற ஒண்ணு. அரளிகூடத்தான் செடியில பூக்குது" என்றேன். சரி சரி என்று கையைத் தூக்கிவிட்டார். அதோடு விட்டார் என்று நினைத்தேன்.

நீ விடவில்லை. அடுப்பங்கரை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "உன் பொடி கேன்சர் செல்லக் கொல்லுதுன்னு நீதானேம்மா சொன்ன?" என்றாய். "தட்டுல இருக்கிற செல்ல பினாயில் ஊத்தினாக்கூடச் சாகும்டா. அதுக்காக அப்பாவுக்கு பினாயில் குடுக்க முடியுமா?" என்றேன். அது சரியான பதில். இன்று யார் கேட்டாலும் வகுப்பில் அதையேதான் சொல்வேன். நீ, "அப்ப எதுக்கு இத்தன வருஷம் அவர தோல் தூக்க வெச்ச?" என்றாய். தாம்பரத்தில் ஏழுமலையைப் பார்த்தபோது அவரும் அதையே வேறு மாதிரி கேட்டார். "அம்மா, சாருக்கு அந்த மருந்து குடுத்துகினு கீறீங்கல்ல? நான் தோலு சேத்து வெச்சிகினேதான் கீறேன்மா, எத்தினி மூட்ட வோணும் சொல்லு." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாட்களில் அப்பா தினமும் மாலையில் மஞ்சள் போட்ட பால் கேட்பார். அவருக்குப் பால் மட்டும்தான் தங்கியது. "டம்ளரையும் மஞ்சப்பொடி டப்பாவையும் இங்க வெச்சுடு, நானே போட்டுக்கறேன். உனக்கு அளவு தெரியல" என்பார். மனிதர் ஏதாவது விரும்பிக் குடிக்கிறாரே என்று நான் மகிழ்ந்துபோனேன். பிறகு கண் மஞ்சளானது, தோல் மஞ்சளானது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை அவர் வாய் துடைக்கும் வெள்ளைத் துண்டைத் துவைக்கும் கல்லில் போட்டு சோப்புப் போட்டேன். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், இது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். துண்டில் ஒரு பக்கம் சிவந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கறை சிவக்காமல் பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. திரும்பச் சோப்புப் போட்டேன். அப்படியே இருந்தது. அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, நான்தானே அதைச் செய்தவள். ஈரக் கையோடு ஓடிப்போய் பீரோவைத் திறந்து குப்பியைத் தூக்கினேன். கை கனம் தெரியாமல் மேலே போனது.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி சிரித்தார். "கோச்சுக்காத. கசப்புத் தாங்கல, அதான் மஞ்சப்பால்ல போட்டேன்." ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கையை உலுக்கினேன். "நீ குடுக்க மாட்ட. குடுத்து எதாவது ஆச்சுன்னா நீ தாங்கவும் மாட்ட. நானே எடுத்துக்கிட்டா யாருக்கும் பாரம் இல்ல பாரு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இங்க குடுக்கிற பெரிய மருந்தெல்லாம் பாக்கும்போதே பயமா இருக்கு. இது நம்ம மாடியில காஞ்சது. சுண்ணாம்பு, தண்ணி, வெயிலு. இது என்ன பண்ணிடப்போகுதுன்னு நெனச்சேன்" என்றார். பென்சீன் இல்லாமல், நெடி இல்லாமல், யார் கையையும் பொசுக்காமல் நான் அதைச் செய்தேனே, அந்தச் சுத்தம்தான் அவரை நம்ப வைத்தது, கண்ணா. கரைப்பான் நாற்றம் அடித்திருந்தால் அவர் தொட்டிருக்கவே மாட்டார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "பையன்கிட்ட சொல்லாத. அம்மா பொடி வேல செய்யலைன்னு அவனுக்குத் தெரிய வேணாம். அவன் அத ரொம்ப நம்பறான்." நான் ஒப்புக்கொண்டேன். உன் கண்ணில் என் மரியாதையைக் காப்பாற்ற அவர் கேட்டது அது. அதைக் காப்பாற்றித்தான் நான் உன்னை இழந்தேன்.

ஆனால் டாக்டரிடம் மறைக்கவில்லை. பொடியின் பெயர், செய்முறை, தோராயமாக எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று எல்லாம் சொன்னேன். அவர் வார்டில் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே, "சாத்துக்குடித் தோலாம்மா? அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நாட்டு மருந்து சாப்பிடாத பேஷண்ட் யாரு இருக்கா இங்க?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. மஞ்சள் காமாலை நோயால் வந்ததா, பொடியால் வந்ததா என்று கேட்டேன். "ஈரல்ல பரவினா காமாலை வரத்தான் செய்யும்" என்றார். வரும்தான். ஆனால் உன் அப்பா தீபாவளி தாண்டிவிடுவார் என்று அவரேதான் சொன்னார். புரட்டாசிகூடத் தாண்டவில்லை.

நீ கொள்ளி வைத்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு பீரோ முன்னால் நின்றாய். கதவு திறந்திருந்தது. குப்பி இருந்த இடத்தில் இருந்தது. பழுப்புக் கண்ணாடி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. "அப்படியே இருக்கு" என்றாய், என்னைப் பார்த்து. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்னோடு சாப்பாடு, சாவி, கரண்ட் பில் தவிர வேறு எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். சொல்லாததற்கு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கோபத்தில்தான் நீ எழுந்து நடமாடினாய், படித்தாய். அதையும் பிடுங்கிவிட்டால் உனக்கு என்ன மிஞ்சும் என்று பயந்தேன்.

நான் அதற்குப் பிறகு கல்வத்தைத் தொடவில்லை. உனக்குத் தெரிந்தது, வேலைப்பளு என்று நான் சொன்ன பொய். எலிச் சோதனைக்குப் பணம் கேட்டு எழுதலாம் என்று தோழி சொன்னாள். என்னால் முடியவில்லை. மாடியில் ஏறினாலே அந்த வாசனை. தீசிஸ் பாதியில் நின்றது. ஏழுமலை கொஞ்ச நாள் தோல் சேர்த்து வைத்திருந்தார், பிறகு அதுவும் குப்பை வண்டிக்குப் போனது. என் வேலையில் இருந்து யாருக்கும் எந்த நன்மையும் வரவில்லை. இதை நான் தன்னடக்கத்துக்குச் சொல்லவில்லை. உள்ளபடி சொல்கிறேன்.

ஒரு தாய் மகனை வழியனுப்பும்போது நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே லேபில் கையைத் தண்ணீரில் கழுவு. செத்துப்போன செல்லைப் பார்த்து மருந்து என்ற வார்த்தையை வாயில் கொண்டுவராதே, வீட்டில் பால்கோவா சாப்பிடும்போதுகூடக் கொண்டுவராதே. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நாளை என்ன நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்? தோலில் இருந்து வந்தது, தண்ணீரில் செய்தது, ஆகவே தீங்கு செய்யாது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திச் சண்டை போடு. செய்கிறவன் கையைச் சுடாமல் செய்வது ஒன்று, சாப்பிடுகிறவன் ஈரலைச் சுடாமல் இருப்பது வேறு. நான் வகுப்பில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். வீட்டில் ஒருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா சாப்பிட்டார், பிழைக்கவில்லை. அதை வைத்துப் பொடி பயனற்றது என்று சொல்ல முடியாது. முற்றிப்போன நோய், கண்ணளவில் போட்ட பொடி, ஒரே ஒரு மனிதர். இது சோதனையே இல்லை என்று நீயே சொல்வாய். முதலிலேயே நான் அளந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அதைச் சாப்பிடாமல் இருந்திருந்தால் உன்னோடு ஒரு தீபாவளி இருந்திருப்பாரா? அதுவும் தெரியாது. இத்தனை வருடமாக இந்த இரண்டு 'தெரியாது'களோடுதான் நான் தூங்கி எழுந்திருக்கிறேன். நீ என்னைக் குற்றம் சொல்லும்போதெல்லாம், குற்றம் எது என்றாவது இவனுக்குத் தெரிகிறதே என்று உன் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

நீ கேட்ட குப்பியை இந்தக் கடிதத்தோடு சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன். அது காலி. கழுவவில்லை. செய்முறை உனக்குத் தெரியும், புதிதாக அரைத்துக்கொள். அரைத்ததும் செல்லுக்குக் கொடுக்காதே, அது நமக்குத் தெரிந்ததுதான். முதலில் எலிக்குக் கொடு. ஈரலைப் பார். கெடுக்கிறது என்றால் எனக்கு எழுது. கெடுக்கவில்லை, கட்டி கரைகிறது என்றாலும் எழுது. ஒன்றில் என் பொடி அவரைக் கொன்றது, மற்றதில் என் பிடிவாதம் கொன்றது. இரண்டில் எதை என்னால் தாங்க முடியும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், எதையும் முடியாது. இருந்தாலும் மறைக்காமல் எழுது, கண்ணா. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் அப்பா அதைத்தான் செய்தார்.

அஸ்தினாபுரம் வீட்டில் தபாலுக்குக் காத்திருக்கும்,
அம்மா